வால்டேர் கல்லாவில் விழுந்த காசு

கேள்வி: கருத்து பிடிக்காவிட்டாலும் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று வால்டேர் நிஜமாகவே சொன்னாரா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. அவர் 1778-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்; வசனம் பிறந்தது 1906-ல்! எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. வால்டேரின் நண்பர்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருந்ததோ எஸ்.ஜி. டாலன்டைர் என்ற புனைபெயர். கடைசியில் சொந்தப் பெயருக்கும் புகழ் இல்லை, புனைபெயருக்கும் இல்லை; மொத்த வசூலும் வால்டேர் கல்லாவில்.

எல்வேசியுஸ் என்ற தத்துவவாதி 1758-ல் ஒரு புத்தகம் போட்டார். அரசும் திருச்சபையும் கொதித்தெழுந்தன. பாரிஸில் அதைக் கொளுத்தினார்கள். வால்டேருக்கும் அந்தப் புத்தகம் பிரமாதமாகப் படவில்லை. ஆனாலும், இதற்குப் போய் இவ்வளவு ரகளையா என்பது அவர் கட்சி. அந்த மனநிலையைச் சுருக்கிச் சொல்லத்தான் ஹால் ஒரு வாக்கியம் எழுதினார். எழுதியவர் சும்மா விட்டாரா? 'நான்' என்று தன்மையில் எழுதி, மேற்கோள் குறியும் போட்டுவிட்டார்! குறிக்குள் இருப்பதை எந்த வாசகர் சந்தேகிப்பார்? அது என் சொந்தச் சரக்குதான் என்று 1939-ல் அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். யார் காதில் விழுந்தது?

இன்னொன்று. அநியாயமாகக் கொல்லப்பட்ட ழான் கலாஸின் குடும்பத்துக்காக வால்டேர் பேனாவைத் தாராளமாகக் கொடுத்தார், மறுக்கவில்லை. உயிரைக் கொடுப்பதில்தான் எனக்குச் சந்தேகம். போலீஸ் வந்தால் சட்டென்று நழுவ வசதியாக, ஜெனீவா எல்லையை ஒட்டிய ஃபெர்னேயில் பார்த்துப் பார்த்து வீடு வாங்கியவர் அவர்.