ஓர் அவுன்ஸ் முதுமை

கருட புராணத்தில் எத்தனையோ நரகங்கள் வர்ணிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மது விலைப்பட்டியலில் விலையை மட்டும் அச்சிட்டு, அந்த விலைக்கு ஊற்றப்படுவது ஓர் அவுன்ஸா இரண்டு அவுன்ஸா என்பதை அச்சிடாமல் விடுகிறவர்களுக்கு எந்த நரகம் என்பது அதில் சொல்லப்படவில்லை. இந்தக் குறை எனக்குப் புலப்பட்டது சென்ற சனிக்கிழமை இரவு, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், மெயின் தெருவின் ‘விஸ்கி ரோ’ பகுதியிலிருந்து சற்றே விலகியிருந்த ஒரு பாரில். பாரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் அருந்திய போர்பனின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அதன் வயது இருபதைக் கடந்திருந்தது, விலை நூறு டாலரைக் கடந்திருந்தது, அது வந்த கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகத்தை மட்டும் அது கடக்கவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு இந்தப் பழக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் செய்கிறவர்கள்தாம். வீட்டு அலமாரியில் முப்பது டாலர்க் குப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, விருந்தினர் வந்தால் அதையும் பின்னால் தள்ளி மறைத்துவிட்டு இருபது டாலர்க் குப்பியால் உபசரிக்கும் சிக்கனசாலிகளாகிய நாம், பாரின் உயர்ந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் வேறு பிறவி எடுத்து, ஏணி வைத்து எடுக்க வேண்டிய உச்சித் தட்டை நோக்கி விரலை நீட்டுகிறோம். அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் நியாயம் எப்போதும் ஒன்றே: முழுக் குப்பியை வாங்குவது ஊதாரித்தனம், ஓர் அவுன்ஸ் வாங்கி ருசி பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானிப்பது விவேகம். இந்த விவேகத்தின் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 750 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் ஏறக்குறைய 25 அவுன்ஸ் இருக்கிறது. அவுன்ஸுக்கு 150 டாலர் என்றால் குப்பிக்கு 3,750 டாலர் ஆகிறது. அந்த விலையைச் சொல்லி ஒருவன் குப்பியை நம்மிடம் நீட்டினால் போலீஸைக் கூப்பிடுவோம். அதே கணக்கில் இருபத்தைந்தில் ஒரு பங்கை ஊற்றிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறோம். இவ்வளவு பணம் பெறுமானமுள்ள வஸ்துவா அது என்ற கேள்விக்கு இக்கட்டுரையின் முடிவில் விடை சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

குப்பியாக வாங்குவதும் லேசான காரியமன்று. உதாரணத்துக்கு, இவ்வுலகத்து ரசிகர்கள் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் ‘பாப்பி வான் விங்கிள்’ இருக்கிறது. 1935ஆம் ஆண்டு டெர்பி குதிரைப் பந்தயத்தன்று லூயிவில்லில் திறக்கப்பட்ட ஸ்டிட்ஸெல்-வெல்லர் வடிசாலையை நடத்திய ஜூலியன் வான் விங்கிள் என்னும் பெரியவரின் பெயரைத் தாங்கி, 2002 முதல் பிராங்க்ஃபர்ட் நகரத்து பஃபலோ டிரேஸ் வடிசாலையின் பொறுப்பில் தயாராகிற இந்தப் போர்பனுக்கு, அவர்கள் குறிக்கிற விலை சில நூறு டாலர்தான். ஆனால் அந்த விலைக்குக் கண்ணால் கண்டவர்கள் அரிது. பென்சில்வேனியா, ஒஹையோ முதலிய மாநிலங்களில் இத்தகைய குப்பிகளை வாங்கும் உரிமைக்கே அரசாங்கம் குலுக்கல் நடத்துகிறது. அரசாங்கம் மதுக்கடை வைத்திருப்பது நம்மவர்களுக்குப் புதுமையன்று. கடைக்குள் நுழைய அதிர்ஷ்டமும் வேண்டும் என்பதுதான் புதுமை. குலுக்கலில் நம்பிக்கையிழந்த சிலர் வேறு மார்க்கம் கண்டார்கள்: 2013ஆம் ஆண்டு அந்த வடிசாலையிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட குப்பிகள் காணாமற்போனதாகத் தெரியவர, 2015இல் ஊழியர் உள்ளிட்ட ஒன்பது பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. திருட்டு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சனிக்கிழமை இரவு பில் வந்த க்ஷணத்தில் மட்டும் அந்தக் கொள்கை சற்று ஆட்டம் கண்டது.

இனி, அந்தப் பாரில் நான் கண்ட மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களும் சொல்லிவைத்தார். அந்த எட்டுக்கும் எடுத்துக்காட்டுத் தேடிச் செய்யுள் செய்யுளாக அலைந்த உரையாசிரியர்கள், வயது முதிர்ந்த போர்பனை விலை கொடுத்துக் குடிக்கிற ஒருவனுடைய முகத்துக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், எட்டையும் ஒரே முகத்தில், கிரமமாக, இடைவேளையின்றிப் பார்த்திருப்பார்கள்.

முதலில் வருவது அச்சம். தெய்வம், விலங்கு, திருடர், அரசர் என்னும் நான்கினால் அச்சம் பிறக்கும் என்பது இலக்கணம். விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பின்னிரண்டும் ஒருங்கே காட்சியளிக்கின்றன. ஏனெனில் விலைக்கு மேல் மாநில விற்பனை வரி நூற்றுக்கு ஆறு. உடனே அச்சத்தை மறைக்கப் பெருமிதம் எழுகிறது. கல்வியும் தறுகண்மையும் புகழும் கொடையும் அதன் நிலைக்களன்கள். கல்வி என்பது, “இது கோதுமை சேர்த்ததா, ரை சேர்த்ததா?” என்று பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்படி பரிசாரகரை வினவுவது, தறுகண்மை என்பது, அவர் “ஓர் அவுன்ஸ்தானே?” என்று புருவத்தை உயர்த்தும்போது, “ஆம்” என்று கண்ணிமைக்காமல் சொல்வது, புகழ் என்பது, அந்தப் பதிலைக் கேட்டுப் பக்கத்து நாற்காலி திரும்பிப் பார்ப்பது. கொடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது மருட்கை. புதுமையாலும் பெருமையாலும் ஆக்கத்தாலும் வியப்பு உண்டாகும் என்பதை யாரும் சொல்லிவிடலாம். சிறுமையாலும் வியப்பு உண்டாகும் என்று கண்டுசொன்னதில்தான் ஆசிரியரின் தீர்க்கதரிசனம் விளங்குகிறது. கிண்ணம் என் முன் வைக்கப்பட்டபோது, அதில் ஏதேனும் இருக்கிறதா என்பதை விளக்கொளிக்கு நேரே தூக்கிப் பார்த்துத்தான் நிச்சயம் செய்துகொள்ள நேர்ந்தது. அப்படித் தூக்கிப் பார்த்ததை, நிறத்தைப் பரீட்சிக்கும் நிபுணரின் செய்கை என்று பரிசாரகர் எண்ணிக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார். அடுத்து உவகை. புலன் நுகர்ச்சியால் வரும் மெய்ப்பாடு இது. முகர்ந்து பார்க்கும் அந்தச் சில நிமிஷங்களில் மட்டும் இது நீடிக்கிறது. வாசனைக்குக் கட்டணமில்லை என்பதனாலும், முகர்வதனால் அளவு குறைவதில்லை என்பதனாலும், அனுபவசாலிகள் இந்தக் கட்டத்தைக் கூடியமட்டும் வளர்த்துவார்கள். நான் வளர்த்திய வளர்த்தலில், அருகே உட்கார்ந்திருந்த நண்பர் பொறுமையிழந்து, “என்ன ஓய், குடிப்பதாக உத்தேசம் உண்டா, அல்லது நஸ்யம் போட்டுக்கொள்கிறீரா?” என்று கேட்டுவிட்டார்.

குடித்தேன். இளிவரல் தோன்றிற்று. இளிவரலின் நிலைக்களன்களில் முதலாவது எது தெரியுமா? மூப்பு! பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய நூலில், போர்பனைக் கண்டிராத ஒருவர், இதை எப்படி எழுதினார் என்பது ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டியது. முதல் துளி நாவில் பட்டதும் சோளத்தின் இனிப்பு ஒரு கணம் தலைகாட்டிவிட்டு ஓடிப்போக, அதன்பின் வந்ததெல்லாம் மரம். கடுக்காயை ஊறவைத்துப் பாட்டிமார் சிறு பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துப் புகட்டுவார்களே, அந்தக் கஷாயத்தின் துவர்ப்பு நாவின் இருபக்கத்தையும் பிடித்து இழுத்தது. ஆனால் இந்த மெய்ப்பாட்டை வெளியே காட்டலாகாது. கொடுத்த விலைக்குத் தக்கபடி கண்ணை மூடி, மூச்சை மூக்கு வழியாக விட்டு, “ஆஹா” என்று சொல்லியாக வேண்டும்; நூறு டாலருக்கு மேற்பட்ட பானத்தை நன்றாயில்லை என்று சொல்கிறவனைப் பார்த்துப் பாரில் இருப்பவர்கள் சிரிப்பது பானத்தை எண்ணியன்று.

ஆறாவது அழுகை. இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என்று அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நான்கும், பில்லைச் சுமந்து வருகிற சிறு தோல் மடிப்புக்குள் இடநெருக்கமின்றி அடங்கியிருக்கின்றன. ஏழாவது வெகுளி, அது, கார்டைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என்று வெகுமதியின் சதவிகிதங்கள் வரிசையாக மலரும்போது வருகிறது. ஒரு மூடியைத் திறந்து ஓர் அவுன்ஸ் ஊற்றுகிற கைங்கர்யம், பன்னிரண்டு டாலர்க் குப்பிக்கும் இதற்கும் ஒன்றுதானே, மூடி கனமானதா, ஊற்றும்போது மந்திரம் ஏதேனும் சொல்லப்படுகிறதா, எதற்காக இதற்கு முப்பது டாலர் என்றெல்லாம் உள்ளே கொதித்துக்கொண்டே, பெருமிதத்தில் பாக்கி நின்ற கொடையை நினைத்து, இருபதைத் தொட்டேன். எட்டாவதாகிய நகையை என் நண்பர் ஏற்றுக்கொண்டார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்ற நான்கில், முதலாவது அவருடையது, பின்னிரண்டும் என்னுடையவை என்று அவர் கருதியது வெளிப்படை. இளமை அவருடைய கிண்ணத்தில் இருந்தது. அவர் தருவித்தது நான்கு வயதுப் போர்பன், இரண்டு அவுன்ஸ்.

வடநூலார் பிற்காலத்தில் சாந்தம் என்று ஒன்பதாவது ரசம் ஒன்றைச் சேர்த்தார்கள். அது அந்தப் பாரில் ஒரே ஒருவர் முகத்தில்தான் நிலவிற்று. அவர் குப்பியை மூடி, உச்சித் தட்டில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

மெய்ப்பாடு சற்று நீண்டுவிட்டது. சொல்ல வந்தது, இந்த வயது என்னும் விஷயத்தைப் பற்றி. போர்பன் என்பது சட்டப்படி, தானியத்தில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் கொண்டதாக இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கரியாக்கப்பட்ட புது ஓக் பாண்டத்தில் வைக்கப்பட வேண்டும். புதுப் பாண்டம் என்பதுதான் இதில் சூட்சுமம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் போர்பனோ ஷெர்ரியோ ஏற்கனவே ஊறி வீரியம் குறைந்த பழைய பீப்பாயில், குளிர்ந்த தேசத்தில், சாவகாசமாக முதிர விடுகிறார்கள். கென்டக்கியிலோ, கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகுவதும், குளிர்காலத்தில் சுருங்கி வெளிவருவதுமாக ஆண்டுதோறும் நடந்து, நிறமும் வாசனையும் விரைவில் சேர்ந்துவிடுகின்றன. அதற்கு மேல் சேருவது மரமேயன்றி வேறில்லை. கூடவே ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை ஆவியாகி வானுலகத்தாருக்கு அவிர்பாகமாகப் போய்விடுகிறது. ஏறக்குறைய இருநூறு லிட்டர் கொள்ளும் பீப்பாயில், இருபது ஆண்டுக்குப் பின் எஞ்சியிருப்பது ஏறக்குறைய பாதி, அல்லது அதற்கும் குறைவே. ஆக, தேவர்கள் இலவசமாக அருந்திய பாதிக்கும் சேர்த்து நாம் பணம் கட்டுகிறோம். அவர்களிடம் இருபது சதவிகிதம் கேட்பாரும் இல்லை.

இவ்வளவு முதுமை வரும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்கலாம். இந்த மோகத்துக்கு வித்திட்ட பழஞ்சரக்கைப் பொறுத்தவரை, யாரும் காத்திருக்கவில்லை. 1970களிலும் 80களிலும் அமெரிக்கர்கள் வோட்காவின் பக்கம் சாய்ந்து போர்பனைக் கைவிட, வாங்குவாரின்றிக் கிடங்கில் தேங்கிய பீப்பாய்கள், தேங்கியபடியே பதினைந்தும் இருபதும் வயதாகின. வான் விங்கிள் குடும்பத்தார் தங்கள் வடிசாலையை 1972இல் விற்றே விட்டார்கள். மூத்தவரின் பேரர் பிற்காலத்தில் தேடி வாங்கிக் குப்பியில் அடைத்துப் புகழ் பெற்றது, இப்படித் தேங்கிக் கிடந்த சரக்கைத்தான். விற்காமையால் வந்த வயதுக்கு விலை வைத்து விற்ற சாமர்த்தியத்தை நான் குறை கூறவில்லை. அந்தச் சாமர்த்தியம் என் சொந்தப் பிரசுரங்களின் விஷயத்தில் மட்டும் ஏன் பலிப்பதில்லை என்பதே என் வருத்தம். என் நூல்களில் சில, இருபது ஆண்டுக்கு மேலாகப் பதிப்பாளரின் கிடங்கில் முதிர்ந்துகொண்டிருக்கின்றன.

நண்பர் தருவித்த நான்கு வயதுச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1897ஆம் ஆண்டு, சாராயத்தில் கண்டதைக் கலந்து விற்றவர்களை அடக்குவதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசாங்க மேற்பார்வையுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு வைத்து, சரியாக நூறு ப்ரூஃப், அதாவது பாதிக்குப் பாதி சாராயம் என்ற கணக்கில் அடைத்தால்தான் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். மந்திரிகளும் மகாசபையும் கூடி யோசித்து நான்கு ஆண்டு போதும் என்று விதித்திருக்க, இருபது வேண்டும் என்று நமக்குச் சொன்னவர் யார்? எனக்குச் சொன்னவர் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் குடித்துக்கொண்டிருந்தது பீர்.

பெறுமானம் உண்டா இல்லையா என்பதற்கு விடை சொல்வதாக எழுதியிருந்தேன். தீர யோசித்துப் பார்த்ததில், ஓர் அவுன்ஸை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, அதிலும் பாதியை முகர்ந்தே கழித்துவிட்டு, இருபது ஆண்டு உழைத்த ஒரு பீப்பாயின்மேல் தீர்ப்புக் கூறுவது தர்மமாகாது என்று படுகிறது. இன்னும் இரண்டு அவுன்ஸாவது அருந்தினால்தான் அபிப்பிராயம் திடப்படும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கும் வாசகர்கள், வரி, வெகுமதி உட்படக் கணக்கிட்டு, எனக்கு எழுதலாம்.