துபாஷியின் பல்லக்கு

கேள்வி: பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் உண்மையில் அதிகாரம் செலுத்தியவர் யார்?
– ஒரு வாசகர், சோழவரம்

பதில்: கவர்னர் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும், ஆனால் கவர்னருக்குத் தமிழ் வராது, ஊருக்குப் பிரெஞ்சு வராது என்கிற அந்தச் சௌகரியமான இடைவெளியில் திண்டு போட்டுச் சாய்ந்துகொண்டவர் துபாஷி என்கிற மொழிபெயர்ப்பாளர் என்பது அடியேன் அபிப்பிராயம். உங்களூருக்குத் தெற்கே பெரம்பூரில் 1709-இல் பிறந்து, 1747-இல் கவர்னர் டூப்ளேயின் பெரிய துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் மாளிகைக்குள் மேளதாளத்துடன் பல்லக்கில் போகவும், அங்கே பாதரட்சை தரிக்கவும், தங்கப்பூண் போட்ட பிரம்பு பிடிக்கவும் பாத்தியதை பெற்றவர். 1736 முதல் அவர் எழுதிவந்த தினசரியில் கப்பல் வந்த செய்தி, பீரங்கி மரியாதை, சரக்கு வியாபாரம், வெற்றிலை பாக்கு உபசாரம், பிறத்தியார் பொறாமை ஆகிய யாவும் ஒரே சீராக இடம்பெறுகின்றன. ஒரே ஒரு சங்கடம்: புதுச்சேரியிலேயே பிறந்த டூப்ளேயின் மனைவி ழான் அம்மாளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். துபாஷி உத்தியோகத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து உண்டோ? அம்மாளைப் பற்றிப் பிள்ளை எழுதியிருப்பதை வாசித்தால் அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்றே தோன்றும்.

வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று ஊர் பிரிந்திருந்தது. பல்லக்கு இரண்டு பக்கமும் போய்வந்தது. அதைத் தூக்கியவர்கள் எழுதிய தினசரி மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.