வளையுற கட்டை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிஎம்டி கம்பி உருட்டிப் பிழைக்கிறவர்களிடம் போய், "கொஞ்சம் வளையுற மாதிரி ஒரு டிடி பேட் வாங்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். மேலும் கீழும் பார்ப்பார்கள். எங்கள் ஆலையின் மனமகிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். கேன்டீனுக்குப் பின்னால், பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டிருக்கும் அறைக்குத்தான் இவ்வளவு பெரிய பெயர். பதவியோடு வந்த ஒரே அதிகாரம் பந்து டப்பாவின் சாவி.

கிரேன் ஆபரேட்டரின் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். சாயங்காலம் வந்து எங்களையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு டியூஷனுக்குப் போவான். கையில் இருப்பதோ ரப்பர் ஓரம் பிய்ந்த ரெடிமேட் பேட். மன்றச் செலவில் அவனுக்கு நல்ல பிளேடு, அதாவது பேட்டின் கட்டை, ஒன்று வாங்கித் தருவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். ஒருமனம் அதோடு முடிந்தது.

ரோலிங் மில் ஃபோர்மேன் ஆரம்பித்தார். "கார்பன் போட்டதா வாங்கு சார். இரும்புலயே கார்பன் சேர்ந்தாத்தான் ஸ்டீலு. மரம் இன்னா, விதிவிலக்கா?"

உலோகவியல்படி இதற்கு மறுப்பே கிடையாது. ஆனாலும் பிளேடின் கனத்தில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது டேபிள் டென்னிஸ் விதி. கார்பன் மாதிரி இழை அடுக்கு ஒவ்வொன்றும் மொத்தக் கனத்தில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. "நம்ம 500டி கம்பியில கார்பன் 0.25 சதவீதம்தானே, இவனுங்க 7.5 வரைக்கும் போறானுங்களா!" என்று ஃபோர்மேன் அசந்துபோனார். எடைக்கணக்கு வேறு, கனத்தின் கணக்கு வேறு என்று விளக்கலாம். ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம் எதற்கு?

அடித்து ஆடப் பழகுகிற பையனுக்குக் கார்பன் ஏன் வேண்டாம் என்பதுதான் விஷயம். பந்து ரப்பரில் தங்குவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவில். அதற்குள் கீழிருந்து மேலே வழித்துவிட்டால்தான் டாப் ஸ்பின். விறைப்பான பிளேடு, தேய்க்கவே விடாமல் பந்தைத் துரத்திவிடும். சும்மா காட்டினாலே பாய்வதால் பையனும் காட்டிக்கொண்டே இருப்பான். கை சுழலவே சுழலாது. ஐந்து பிளை முழு மரப் பிளேடு, நடுவில் லேசான அயூஸ், வெளியே மிருதுவான லிம்பா, கனம் ஆறு மில்லிக்குள், இப்படி ஒன்று என்றால் மயிரிழை வளைந்து பந்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். வேகம் குறைவு. அதனாலேயே முழுசாக வீசித்தான் அடித்தாக வேண்டும். பந்து எங்கே பட்டது என்பது விரலுக்கும் தெரியும்.

இதைக் கேட்ட க்யூசி தம்பி எழுந்து, "பெண்ட் டெஸ்ட் பண்ணிடலாமா சார்?" என்றான். எங்கள் லேப்பில் கம்பியை உருளையைச் சுற்றி 180 டிகிரி மடக்கி, வெடிப்பு விழுகிறதா என்று பார்ப்பார்கள். பையன் தன் பழைய பேட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அண்ணே, உங்க கம்பி வளைஞ்சா வளைஞ்சபடியே கெடக்கும். இது திரும்பி வரணும்ணே."

ஃபோர்மேன் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். சரத் கமல். 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் தங்கம், 16 வருஷம் கழித்து பர்மிங்காமில் மறுபடி ஒற்றையர் தங்கம், அதுவும் நாற்பது வயதில். "அவரு வளையுற கட்டையிலயா ஆடுனாரு?" நாற்பது வயதுக் கைக்குப் பொருந்துவதைப் பதினாறு வயதுக் கைக்குக் கொடுக்க முடியுமா என்றேன். எடுபடவில்லை. கடைசியில் அவர் ஆயுதத்தையே எடுத்தேன். "500டி கம்பியை ஏன் கூட விலைக்கு விக்கிறோம்?"

"இழுத்தா நீளும் சார். சாதா 500ல குறைஞ்சது 12 சதவீதம், டில 16. பூகம்பத்துல பட்டுனு போவாது."

"கெட்டிங்கிறதுக்காகவா காசு வாங்குறோம்?"

மன்றத்தில் இப்படியொரு அமைதியை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வந்து, பெரியமேட்டில் ஒரு கடைக்குப் போனோம். பையன் பிளேடுகளை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து, விரல் முட்டியால் தட்டினான். கார்பன் கணீரென்றது. விறைப்பு ஏற ஏறச் சத்தமும் கீச்சென்று ஏறும். லிம்பா போட்டது "தொப்" என்று ஒரு சத்தம், தூக்கம் கலையாதவன் "ம்" கொட்டுகிற மாதிரி. அதையே திரும்பத் திரும்பத் தட்டினான். 85 கிராமுக்கு இந்த விலையா என்று கூட வந்த ஃபோர்மேன் மனசுக்குள் டன் கணக்குப் போட்டுப் பார்த்து, முகம் வெளுத்தார்.

பில்லை ஆபீசில் கொடுத்தபோதுதான் ஸ்டோர்ஸ்காரருக்குச் சந்தேகம் வந்தது. "வெறுங்கட்டையா இருக்கே, ரப்பர் எங்க சார்?"

"அது தனி. இன்னொரு இண்டென்ட் போடணும்."

"எதுக்கு சார்? கேஸ்கெட் வெட்டற ஷீட்டு நம்மகிட்ட ரோலா கெடக்கு. மூணு மில்லி."

ஸ்பாஞ்சோடு சேர்த்து நாலு மில்லிக்குள், சர்வதேச சம்மேளனத்தின் முத்திரையோடு, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு மாதிரி பளிச்சென்ற நிறம் என்று பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"கறுப்பு இருக்கு சார். சிவப்புக்கு ரெட் ஆக்சைடு அடிச்சுக்கலாமா?"