ஸ்கின் கலர் எங்கே, சார்?

வாடாமல்லி பார்டரில் மாம்பழ மஞ்சள் வேண்டும், இல்லையென்றால் எம்.எஸ். ப்ளூவில் அரக்கு வேண்டும் என்று ஜவுளிக்கடையில் நாலு அலமாரியை இறக்கவைக்கும் அதே மாமிதான், என் மொட்டைமாடி வகுப்பில் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "சார், ஸ்கின் கலர் எங்கே இருக்கு?"

இல்லை. நான் வாங்குவதில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, துளி நீலம். இவற்றைக் கலந்தால் எந்த ஊர் முகமும் வந்துவிடும். நிழல் விழும் பக்கம் பச்சை வைத்தால் இன்னும் விசேஷம். ஓவியர் மத்தீஸ் 1905-ல் தன் மனைவியை வரைந்தபோது நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைக் கோட்டை இழுத்துவிட்டதை உற்சாகமாக விளக்கினேன். வங்கியில் ரிடையரான ஒருவர் கவலையோடு கேட்டார்: "அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா?"

மீனாட்சி பச்சையாக இருப்பதை மதுரையில் யாரும் கேட்பதில்லையே என்றேன். "அது சாமி சார்" என்றார். பச்சைக்கும் தகுதி பார்க்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் அக்ரிலிக்தான் சரியான மருந்து. ஆயில் பெயின்ட் நாள்கணக்கில் ஈரமாகக் காத்திருக்கும்; அதற்குள் குடும்பத்தில் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லிவிடுவார்கள். அக்ரிலிக்கோ தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக். தண்ணீர் ஆவியானால் கதை முடிந்தது. சித்திரை வெயிலில், ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, "வானத்துக்கு ஆரஞ்சு போடட்டுமாடி?" என்று மாமி அமெரிக்கா மகளுக்கு வீடியோ கால் போட்டு, நெட்வொர்க் கிடைப்பதற்குள் தட்டில் இருந்த ஆரஞ்சு தோலாக உரிகிறது. தண்ணீர் ஸ்பிரே அடித்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால் பாட்டிலை நான் ஒளித்து வைத்துவிடுவேன். யோசிக்க நேரம் கிடைத்தால் இவர்கள் பீஜ் கலருக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, தாலோ ப்ளூ. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி அது. ஓரமாக உட்காரவைத்தாலும் கொஞ்ச நேரத்தில் மண்டபமே அவர் கையில் இருக்கும். மிளகளவு எடுங்கள் என்றால் மிளகாய் அளவு எடுப்பார்கள். அன்றைக்கு வகுப்பில் எல்லோருடைய சூரியோதயமும் நள்ளிரவில் நடக்கும்.

"புடவையில் பட்டா போகுமா சார்?"

"காயறதுக்குள்ளே அலசினா போகும்."

"காய்ஞ்சா?"

"புது டிசைன்."

1966-ல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், சோற்றுக்கு பாத்திக் துணி செய்து விற்றார்கள். ஓவியம் யாருக்கும் சலாம் போட வேண்டாம் என்பது கணக்கு. என் பாத்திக், இந்த வகுப்புதான். மாமிகள் கட்டும் ஃபீஸில்தான் டியூப் வாங்குகிறேன். அந்தத் தெம்பில்தான் கஸ்டமர்களிடம் வாய் பேசுகிறேன்.

போன வாரம் ஒருவர் வாட்ஸ்அப்பில் சோபாவின் படத்தை அனுப்பினார். "உங்க ஸ்டைல்லயே பண்ணுங்க சார். ஆனா சோபாவுக்கு மேட்ச் ஆகணும்." சோபா சாம்பல் நிறம். என் ஸ்டைலில் சாம்பல் என்பது பிரஷ் கழுவிய தண்ணீரில் மட்டுமே உண்டு.

"சோபாவை மாத்திடுங்களேன்" என்றேன்.

"ஐயோ, அது இ.எம்.ஐ.ல வாங்கினது சார்!"

இந்த ஊரில் ஓவியத்துக்கு மரியாதை வர வேண்டுமென்றால், அதையும் மாதத் தவணையில்தான் விற்க வேண்டும் போலிருக்கிறது.