வீணாய்ப் போக எட்டு வழிகள்

தம்பி, உன் காலில் வித்தை இருக்கிறது என்று ஊரே சொல்கிறது. அதை வளர்த்து முன்னேறுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் வருவார்கள். அதை முறையாகச் செலவழித்துத் தீர்ப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. பாடங்கள் அனைத்தும் இத்தாலியக் கால்பந்து வீரர் மரியோ பலோட்டெல்லி நடந்து காட்டிய வழி; என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை.

1. முதலில் திறமையைச் சேர்த்துக்கொள்

பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சுமாராக ஆடுகிறவன் பயிற்சிக்குத் தாமதமாக வந்தால், மறுநாள் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். எல்லோரும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சரக்கு இருந்தால்தான் ஒழுங்கீனத்தை ஒரு தொழிலாக நடத்த முடியும். பலோட்டெல்லி 1990-ல் பலெர்மோவில், கானாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். வட இத்தாலியில், பிரெஷ்யா பக்கம் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். 15 வயதில் லுமெஸ்ஸானே கிளப்புக்காக மூன்றாம் டிவிஷனில் இறங்கினார். 17 வயதில் இண்டர் மிலான். 19 வயதில், லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற அணியில் ஓர் ஆள். இவ்வளவும் சேர்ந்த பிறகு அடுத்த பாடத்துக்கு வா.

2. பயிற்சியாளரின் இடைவேளையை மொத்தமாக எடுத்துக்கொள்

இண்டரில் அவருக்கு வாய்த்தவர் ஜோஸே மொரீன்ஹோ. 2009-ல் ரஷ்யாவின் கஸானில் ஒரு சாம்பியன்ஸ் லீக் மேட்ச். மொரீன்ஹோ சொல்வதன்படி, முன்கள வீரர்கள் எல்லாம் காயத்தில். மிச்சம் மரியோ ஒருவர்தான். அவரும் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் அட்டை வாங்கிவிட்டார். 15 நிமிட இடைவேளையில் 14 நிமிடத்தை அவரிடமே செலவழித்ததாக மொரீன்ஹோ பிற்பாடு சொன்னார். உன்னை மாற்ற ஆளில்லை, யாரையும் தொடாதே, யார் சீண்டினாலும் திரும்பாதே, நடுவர் தப்பே செய்தாலும் வாயைத் திறக்காதே. இத்தனையும் சொல்லி அனுப்பினால் 46-ஆவது நிமிடம் சிவப்பு அட்டை என்று கதையை முடிப்பார். உண்மையில் அட்டை இன்னும் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது. ஆனால் உன் கதையை உன் பயிற்சியாளரே மெருகேற்றிச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாய் என்றால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

3. சொந்த ரசிகர்களையே வம்புக்கு இழு

எதிரியோடு சண்டை போட எவனாலும் முடியும். 2010 மார்ச்சில், இண்டரில் இருந்துகொண்டே, அதே ஊர் ஜென்மப் பகையாளியான ஏசி மிலானின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் காட்சி தந்தார். அடுத்த மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பார்சிலோனாவை இண்டர் 3-1 என்று வீழ்த்திய இரவு. கடைசியில் இறங்கிய மரியோவைப் பார்த்துச் சொந்த ரசிகர்களே கேலியாக விசிலடித்தார்கள். அவர் ஜெர்சியைக் கழற்றித் தரையில் வீசிவிட்டுப் போனார். ஊரே கொண்டாடும் வெற்றியில் தனியாகத் தோற்றுக் காட்டுவது லேசில் கைவராத கலை.

4. குற்றத்தையும் கோலையும் ஒரே வாரத்தில் வை

அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அங்கே இளையோர் அணிப் பையன்களை நோக்கி டார்ட் எறிந்து மாட்டினார். 2011 கோடையில் அமெரிக்காவில் ஒரு நட்பு ஆட்டம்: கோல் வாயில் திறந்து கிடக்க, பம்பரமாய்ச் சுற்றிக் குதிகாலால் தட்டினார், பந்து வெளியே போயிற்று. பயிற்சியாளர் ராபெர்ட்டோ மன்சினி அந்த நிமிடமே அவரை வெளியே அழைத்துவிட்டார்.

அக்டோபரில் உச்சம். ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி, அவர் வீட்டுக் குளியலறையில் பட்டாசு வெடித்துத் தீப்பிடித்து, தீயணைப்பு வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட்டோடு, அவர்கள் மைதானத்திலேயே, ஒரே ஊர்ப் பகையாளிகளின் டெர்பி. முதல் கோலை அடித்த மரியோ ஜெர்சியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பனியனில், ‘ஒய் ஆல்வேஸ் மீ?’ எப்போதும் ஏன் நானே? இரண்டாவது கோலும் அவரே. சிட்டி 6-1. அந்த வாரமே ஊரின் பட்டாசுப் பாதுகாப்புப் பிரசாரத்துக்கு முகமாகவும் ஆனார். கோல் விழாமல் போயிருந்தால் அது வெறும் காப்பீட்டு வழக்கு. விழுந்ததால் காவியம்.

5. கைகழுவிய பிறகு வந்து காப்பாற்று

2012 ஏப்ரலில் ஆர்செனலுக்கு எதிராக மறுபடி சிவப்பு அட்டை. இந்தப் பருவத்தில் இனி அவன் ஆட மாட்டான், விற்கவும் செய்யலாம் என்றார் மன்சினி. மே 13, கடைசி மேட்ச். கூடுதல் நேரமும் கரைந்துகொண்டிருந்தபோது, மாற்று வீரராக உள்ளே வந்த அதே மரியோ கீழே விழுந்தபடியே பந்தைச் சக வீரர் அகுவேரோவுக்குத் தள்ளிவிட்டார். 44 ஆண்டுகளுக்குப் பிறகு சிட்டிக்கு லீக் பட்டம். பிரீமியர் லீக்கில் சிட்டிக்காக அவர் கோலுக்கு எடுத்துக் கொடுத்த ஒரே பாஸ் அதுதான்.

ஆறு வாரம் கழித்து வார்ஸாவில் யூரோ கோப்பை அரையிறுதி. ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல். இரண்டாவதை அடித்ததும் சட்டையைக் கழற்றிச் சிலைபோல நின்றார். வயது 21. இந்த வயதில் இப்படி ஓர் இரவு வாய்த்தால் போதும், தம்பி. பிறகு உன்னை வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த இரவுக்குத்தான் பணம் கொடுப்பார்கள்.

6. உன் கணக்கில் சேராத பழியையும் சுமந்துகொள்

இந்தப் பாடத்தில் வேடிக்கை கிடையாது. 2009-ல் யுவெண்டஸ் ரசிகர்கள் அவர் நிறத்தைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். தண்டனையாக அந்த கிளப் ஒரு மேட்சைப் பூட்டிய அரங்கில் ஆட வேண்டியதாயிற்று. 2012 யூரோவில் குரோஷிய ரசிகர்களின் முறை. அந்நாட்டுச் சங்கத்துக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ விதித்த அபராதம் 80,000 யூரோ. அதே போட்டியில், ஒரு கம்பெனியின் பெயர் போட்ட உள்ளாடையைக் காட்டிய டென்மார்க் வீரர் பெண்ட்னருக்கு 1,00,000 யூரோ. 2019-ல் வெரோனாவில் மறுபடி அதே கூச்சல் கேட்டு, பந்தைக் கையில் எடுத்து ரசிகர் கூட்டத்துக்குள் உதைத்துவிட்டு வெளியேறப் போனார் மரியோ. குற்றம் கூச்சலிட்டவர்களுடையது. ஆனால் பட்டாசுக்காரன் என்று பெயர் வாங்கியவன் நியாயமாகக் கொதித்தாலும், ‘ஆரம்பித்துவிட்டான்’ என்று சொல்லச் சிலர் தயாராக இருப்பார்கள். அவர் செய்த எல்லாச் சேட்டையையும்விட, தன்னுடையதல்லாத இந்தப் பழிக்குத்தான் அதிக விலை கொடுத்தார்.

7. அடுத்த முதலாளியை நம்பு

‘கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான்’ என்று பெண் கொடுக்கும் வீடுகள் உண்டல்லவா? கிளப் முதலாளிகளும் அந்த ரகம்தான். 2013 ஜனவரியில் மிலானின் அதிபர் பெர்லுஸ்கோனி மரியோவை அழுகிய ஆப்பிள் என்றார். மாதம் முடிவதற்குள் வாங்கிவிட்டார். வந்தவுடன் 13 லீக் மேட்சில் 12 கோல். 2014 ஆகஸ்டில் லிவர்பூல் பயிற்சியாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸ், அவர் இங்கே வரவே மாட்டார் என்று அடித்துச் சொன்னார். அதே மாதம் 1 கோடியே 60 லட்சம் பவுண்டு கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். 16 லீக் மேட்ச், 1 கோல். பிறகு நீஸில் இரண்டு பருவத்தில் 33 லீக் கோல். அப்புறம் மார்செய், பிரெஷ்யா, மோன்ஸா. துருக்கியின் அதனா தெமிர்ஸ்போரில் ஒரே மேட்சில் 5 கோல்.

கவனித்தாயா? அவர் ஒருநாளும் முழுசாக வறண்டு போகவில்லை. வறண்டிருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். வாங்க ஆளில்லை என்றால் அவரே ஒருநாள் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். உனக்கு யோசிக்க அவகாசமே தராத அளவுக்கு அவ்வப்போது ஒரு கோல் போட்டு வை.

8. பெனால்டியிலிருந்து தள்ளி நில்

குருநாதர் சறுக்கிய இடம் இது ஒன்றுதான். தொழில்முறை ஆட்டத்தில் எடுத்த முதல் 21 பெனால்டியையும் அவர் கோலாக்கினார். 2013 செப்டம்பரில் நாப்போலியின் பெபே ரெய்னா தடுத்தபோதுதான் கணக்கு உடைந்தது. அவர் அடிக்கும் முறையைப் பார்: மெதுவாக வருவார், பந்தைப் பார்க்கவே மாட்டார், கண் கோல்கீப்பர் மேலேயே இருக்கும். எதிராளி அசையும்வரை காத்திருந்து, மறுபக்கம் உருட்டிவிடுவார். சீண்டலுக்கு மசியாத நிதானம், முந்திக்கொள்ளாத பொறுமை. 14 நிமிடம் மொரீன்ஹோ கெஞ்சிக் கேட்டதும் இதைத்தானே? அது அவரிடம் இருந்தது. 11 மீட்டர் தூரத்துக்கு மட்டும்.

ஆகவே இந்தக் கையேட்டின்படி நடப்பதாக இருந்தால் பெனால்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. எதிராளி முதலில் அசையட்டும் என்று நிற்க ஒருமுறை பழகிவிட்டால், நடுவரிடமும் பயிற்சியாளரிடமும் அதையே செய்து பார்க்கத் தோன்றும். அப்புறம் 35 வயதில் உன்னைப் பற்றிச் சொல்லக் கோல் எண்ணிக்கையும் கோப்பைகளும் மட்டுமே மிஞ்சும். ஒரு குளியலறைக் கதைகூடத் தேறாது.