மிச்சத்தின் இடப்பெயர்ச்சி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சிக்கனம் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மிச்சம் பிடிக்கும் வழியைச் சொன்னார்களே தவிர, பிடித்த மிச்சம் எங்கே போகிறது என்பதைச் சொன்னதில்லை. வங்கிப் புத்தகத்தில் அது இல்லை. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியிலும் இல்லை. மாதம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் தேடினால் எந்த வீட்டிலும் அகப்படுவதில்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. களம், ஐந்து திசைக்கும் ரயில் பிரியும் விழுப்புரமும் அதன் வடக்கே உள்ள திண்டிவனமும். காலம், சம்பளம் வந்த நாளுக்கும் அது தீர்ந்த நாளுக்கும் இடைப்பட்டது. ஆகவே ஆய்வு சுருக்கமாகவே அமைந்தது.

கருதுகோள் இது: மிச்சம் அழிவதில்லை, ஆள் மாறுகிறது. ஒருவர் கணக்கில் வரவாகும் காசு இன்னொருவர் கணக்கில் கூலியாகவோ, நேரமாகவோ, முதுகுவலியாகவோ பற்று வைக்கப்படுகிறது.

முதல் சான்று கல்லிலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் ஒன்று உண்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எதுவுமின்றி விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அம்மன்னர் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. கலை வரலாற்றாசிரியர்கள் இதைத் தமிழகக் குடைவரைக் கலையின் தொடக்கங்களுள் ஒன்று என்பார்கள். வீடு கட்டியவர்கள் வேறு மாதிரி படிப்பார்கள்: செங்கல் லோடு, கம்பி, சிமென்ட், சவுக்குக் கட்டை என்று நான்கு பில்லையும் ஒரே வரியில் அடித்துப்போட்ட கட்டட உரிமையாளரின் பெருமிதம் அது. ஆனால் உளி பிடித்த தச்சர்கள் எத்தனை பேர், எத்தனை மாதம் கொத்தினார்கள் என்பது அந்தக் கல்வெட்டில் இல்லை. பொருள் செலவு மிச்சம். கூலிக் கணக்கு வேறு நோட்டில். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகமும் எழுதிய மன்னர் அவர். நாம் சொல்ல வருவது அவருக்குப் புரிந்திருக்கும்.

இனிச் சமகாலம். விழுப்புரத்திலிருந்து பாண்டி எனப்படும் புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அதே 40. பாண்டியில் வரி குறைவு என்பதால் பெட்ரோல் விலையும் குறைவு. இப்படி ஒரு சோதனைக்கூடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் காசு கொடுத்து அமைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை இரு ஊர்களிலிருந்தும் ஸ்கூட்டர்கள் பாண்டி நோக்கிப் புறப்படுவதை நடுநிலையோடு கவனித்தால் பின்வரும் கணக்கு தேறும்.

லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டர். நிரப்பினால் லாபம் 25 ரூபாய். போக வர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இதற்கே ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் தேவை. லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 180 ரூபாயை நெருங்கும். ஆக, 25 ரூபாயைச் சம்பாதிக்க 180 ரூபாய் முதலீடு. “பாண்டிக்கே ஏன் போவணும், மதகடிப்பட்டுலயே போட்டுக்கலாமே” என்று விழுப்புரத்து அனுபவசாலிகள் இடைமறிப்பார்கள். நியாயம்தான். புதுச்சேரி எல்லை அங்கேயே தொடங்கிவிடுகிறது, தூரமும் பாதிதான். அப்படிப் பார்த்தாலும் செலவு 90, வரவு 25. திண்டிவனத்துக்காரருக்கு அந்தக் குறுக்கு வழியும் கிடையாது. காரில் போனால் மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் கணக்கு இன்னும் தெளிவாகிவிடும்.

“ஏங்க, இதுக்கு இங்கயே போட்டிருக்கலாமே?” என்று வீட்டில் கேட்டால் எல்லா ஆய்வுப் பொருள்களும் ஒரே பதிலைத் தருகின்றன: “சும்மாவா போனேன், வேற வேலையும் இருந்துச்சுல்ல.” அந்த வேறு வேலையில் கடற்கரையில் ஒரு நடை, ஒரு டிபன், ஒரு பை நிறையப் பேக்கரிப் பொருள் அடங்கும். பாண்டியில் வேறு சில திரவங்களும் விலை குறைவு. அவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை, சோதனைச் சாவடியின் எல்லைக்கு உட்பட்டவை. இந்தச் சிக்கனத்தால் உண்மையிலேயே பயன்பெறுவோர் ஒரு சாரார்தான்: கோரிமேட்டு ஜிப்மருக்கோ பாண்டிக் கம்பெனிகளுக்கோ எப்படியும் தினம் வண்டி ஓட்டிப் போகிறவர்கள். மாதம் 25 லிட்டர் போட்டால் 125 ரூபாய் நிற்கும். அவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசப்படும் சிக்கனமும் நடக்கும் சிக்கனமும் வேறு வேறு என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

இதற்கு நேர் எதிரான களம், பெண்கள் கட்டணமில்லாமல் ஏறும் நகரப் பேருந்து. 2021 மே மாதம் தொடங்கிய திட்டம் இது. இதனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆய்வு மரபுப்படி அந்த 888ஐப் பின்தொடர வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்துப் பூக்கடையில் ஒரு முழம், பிள்ளைக்கு ஒரு பேனா, உழவர் சந்தையில் கால் கிலோ கூடுதலாகப் பீன்ஸ், சுயஉதவிக் குழுவின் தவணை. இப்படிக் கரைந்து அது வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. இங்கே மிச்சம் ஆள் மாறியது உண்மை. மாறிய ஆள் அதே வீட்டில் சோறு தின்கிறவர். பாண்டி ரோட்டில் நடப்பதைவிட இது மேல் என்று நாம் தீர்ப்பே சொல்லிவிடலாம்.

உழவர் சந்தைக்கு ஒரு குறிப்பு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிப் பரவிய அமைப்பு. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போடுவது அதன் அழகு. அங்கே வாங்காவிட்டாலும் பலகையைப் படித்துவிட்டு வேறு கடைக்குப் போனால் பேரம் பேசத் தெம்பு வரும். இதற்குக் கட்டணம் இல்லை.

தோட்டத்தைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதாமல் விடுவதே சிக்கனம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்று ஊரின் பெயரைச் சுருக்கிச் சுமந்துகொண்டு நாடெங்கும் போயின. 1940இல் வந்த டி.எம்.வி. 2 அவற்றில் பேர்போனது. கடலை விளையும் மண்ணில் செக்கும் புண்ணாக்கும் இருக்கும். கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு தழைச்சத்து உண்டு. ஒரு பிடியை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் மாடித் தொட்டிக் கத்தரிக்குப் போதும். தொட்டி, மண், பூவாளி, நிழல்வலை எல்லாம் சேர்த்து முதல் கத்தரிக்காய் என்ன விலை விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்தவர்கள் இந்தக் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.

மழைநீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த வட்டாரத்தில் 50 சதுர மீட்டர் மொட்டை மாடிக்கு 50,000 லிட்டர் வரை வருகிறது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. பாதி ஆண்டின் கணக்கு ஒரு நாளில் வந்து சேர்ந்தது. அதைச் சேமிப்பு என்று சொல்ல அப்போது யாருக்கும் வாய் வரவில்லை.

புளிக்கு வருவோம். பங்குனி வாக்கில் புதுப்புளி வந்ததும் ஆண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பது பழைய வழக்கம். கொட்டையோடு வாங்குவதா, எடுத்ததா என்பதில்தான் குடும்பங்கள் பிளவுபடுகின்றன. புளியம்பழத்தில் சதை சுமார் 55 பங்கு, கொட்டை 34, மீதி ஓடும் நாரும். ஓடு நீக்கிய புளியில் அறுபது விழுக்காடு அளவே சதை தேறும். ஆகவே கொட்டைப் புளியின் விலை, எடுத்த புளியின் விலையில் பத்தில் ஆறு பங்குக்குக் கீழே இருந்தால்தான் அது மலிவு. கடைக்காரருக்கு இந்த எண் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் கொட்டை எடுப்பது யார்? அரிவாள்மணையோடு திண்ணையில் உட்காரும் பாட்டிக்கு எந்தக் கணக்கிலும் கூலி போடப்படவில்லை. மண்டகப்பட்டுத் தச்சருக்கு அடுத்தபடியாக இவ்வாய்வு கண்டெடுத்த பெயரற்ற தொழிலாளி இவர்.

சீட்டு விஷயத்தில் பாட்டிகள் ஏமாறுவதில்லை. இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் 25,000 தள்ளி 75,000 எடுப்பார். நடத்துபவருக்கு ஐந்து விழுக்காடு கழிவு போக 20,000 பாக்கி, தலைக்கு ஆயிரம். ஒருவருடைய அவசரம் பத்தொன்பது பேருக்கு லாபம், அவருக்கே அதில் ஓர் ஆயிரம் ஆறுதல். கடைசிவரை பொறுத்திருப்பவர் சேமிக்கிறார், முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார். இருவரும் “சீட்டுப் போடுறேன்” என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டுநிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்டுக்கொள்வது மட்டும் அவசியம். தபால் நிலையத்தில் மாதம் நூறு ரூபாயிலிருந்தே ஐந்தாண்டுத் தொடர் வைப்பு உண்டு. தள்ளுவதற்கு அங்கே ஆள் இல்லாததால் சுவாரசியம் குறைவு.

கடைசியாக, இந்த ஆய்வின் மணிமகுடமான 501ஆவது யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் நூறு யூனிட் 2016 முதல் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,958. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் சலுகை பறிபோய், அங்கே 2.25 என்பது 4.50 ஆகிவிடுவதே காரணம். பின்னால் விலைகள் ஏறின. இந்தப் படிக்கட்டு மட்டும் அப்படியே நின்றது. ஆக, 2022 கட்டணப்படி அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இதற்கு மருந்தாகப் பலர் பிஎல்டிசி மின்விசிறி வாங்குகிறார்கள். 75 வாட் பழைய விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 54 யூனிட். 30 வாட் புதியது ஏறக்குறைய 22. 530 யூனிட் வீடு ஒரே விசிறியால் 498க்கு இறங்கி, அதே 2022 கட்டணப்படி 477 ரூபாய் மிச்சம் பிடிக்கும். ஆனால் 1865இலேயே ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர், நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்ததால் நிலக்கரிச் செலவு கூடியதே தவிர குறையவில்லை என்று எழுதிவைத்தார். “கரண்டு கம்மியாத்தான் இழுக்கும், ஓடட்டும் வுடு” என்று யாருமில்லாத அறையில் விசிறியைச் சுழலவிடும் விழுப்புரத்து வீடுகள் அவரைப் படிக்காமலே நிரூபிக்கின்றன.

செலவில்லாத வழி, முப்பதாம் நாள் மீட்டரைப் பார்ப்பது. 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கை நடுங்க வேண்டும். ரீடிங் நான்கு நாள் தள்ளிப்போனாலே 33 யூனிட் கூடிவிடும் என்பதால் 230ஐ எல்லையாகக் கொள்வது உத்தமம். மீட்டர் 500ஐத் தொட்டு நிற்கும் அன்று இஸ்திரிப் பெட்டியைத் தொடவே கூடாது. 1,000 வாட் பெட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்னும். 2022 கட்டணப்படி அந்த யூனிட்டுக்கு 233 ரூபாய். தெருமுனை இஸ்திரி வண்டியில் சட்டைக்குப் பத்து ரூபாய் வீதம் இருபது சட்டை கொடுத்தாலும் அன்றைக்கு 33 ரூபாய் லாபம்தான், கரிப் பெட்டியைத் தேய்க்கும் கை நம்முடையதாகவும் இருக்காது.