ரெஃப்ரி காக்கா

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். காயல்பட்டினத்தில் மட்டும் பதினெட்டாவதாக ஒன்று அமலில் இருக்கிறது: மேற்படி பதினேழில் எதில் ஐயம் வந்தாலும் ரெஃப்ரி காக்காவைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. கேட்காவிட்டாலும் அவரே வந்து சொல்லிவிடுவார். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.)

பெயரைச் சொல்லி ஒருத்தரை மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. சொன்னாலும் பயனில்லை. கொச்சியார் தெருவில் ஒருவர், அப்பாபள்ளித் தெருவில் ஒருவர், சதுக்கைத் தெருவில் ஒரே வீட்டில் மாமனாரும் மருமகனுமாக இருவர் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார். (கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுகிற ஊர் இது. அந்த வீட்டில் இதுவரை எந்தப் பெனால்ட்டியும் ஒருமனதாக நிறைவேறியது கிடையாது.) கொழும்பில் கடை வைத்திருக்கும்போதும் அவர் ரெஃப்ரி காக்காதான், ஹாங்காங்கில் கல் வியாபாரம் பார்க்கும்போதும் ரெஃப்ரி காக்காதான். எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளாக இங்கே நிறுத்தியிருக்கிறேன். யாராவது 'இது நான்தானே?' என்று கேட்டால், இல்லை, உங்கள் மச்சான் என்று சொல்வதாக உத்தேசம்.

போலீஸ் ஸ்டேஷன் இல்லாத ஊர், சினிமாக் கொட்டகை இல்லாத ஊர் என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அதனால் வழக்கே இல்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. கோடை விடுமுறையில் ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்துக்கு வந்து பாருங்கள். மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடக்கும். வெளிநாட்டில் கிடக்கிற பாதி ஊர் விடுமுறையில் வந்திருக்கும். அஸர் தொழுகை முடிந்ததும் தெருக்கள் காலி. முடுக்கு வழியாகக் குறுக்கே புகுந்து ஓடுகிற பையன்களைப் பெண்கள் வைகிற சத்தம் மட்டும் கேட்கும்.

எல்லாரும் ஆட்டம் பார்க்க வருகிறார்கள். காக்கா ரெஃப்ரியைப் பார்க்க வருகிறார். இரண்டு அணிகளும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது ஊர்ப் பையன்கள், அந்த நைஜீரியாக்காரன் எப்படி, இந்தக் கேரளாக்காரன் எப்படி என்று பேசுவார்கள். காக்காவின் கண் நடுவட்டத்தில் தனியாகக் குனிந்து நிமிர்கிற கறுப்புச் சட்டைக்காரர் மேலேயே இருக்கும்.

"லேசா வயிறு போட்டிருக்கு, பாத்தியளா? கவுண்டர் அட்டாக் வந்தா இவரால ஓடிச் சேர முடியாது. இன்னைக்கு ஒரு பெனால்ட்டி தப்பும். எழுதி வச்சுக்கிடுங்க."

ஆட்டம் தொடங்கியதும் காக்கா உட்காருவதில்லை. மைதானத்தின் நீளவாக்கில் ஓரமாக, லைன்ஸ்மேனுக்கு நாலு கஜம் பின்னால் இடம் பிடிப்பார். வெள்ளைச் சாரம், அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. லைன்ஸ்மேன் பக்கவாட்டில் நகர்ந்தால் இவரும் பக்கவாட்டில் நகர்வார். லைன்ஸ்மேன் ஓடினால் சாரத்தை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இவரும் ஓடுவார். கடைசிக்கு முந்தின தடுப்பாட்டக்காரருக்கு நேர் கோட்டில் நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கோட்டில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவருக்குக் கொடி, ஒருவருக்குத் துண்டு.

துண்டுதான் முதலில் உயரும். ஒருமுறை வெளியூர் அணியின் இடது பின்கள ஆட்டக்காரர், ஓரத்தில் துண்டு உயர்ந்ததைக் கண்டு ஆஃப்சைடு என்று நின்றே போனார். கொடி உயரவில்லை, கோல் விழுந்தது. பாவம், அவர் காக்காவைப் பார்த்த பார்வையில் நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். காக்கா அசரவில்லை. "நான் தூக்குனது சரி. அந்தாளு தூக்காததுக்கு நான் என்னத்தைச் செய்ய?"

ஆட்டம் தொண்ணூறு நிமிஷத்தில் முடிந்து, மஃரிப் பாங்கு சொல்லி, தொழுது, கூட்டம் கலைந்துவிடும். காக்காவின் ஆட்டம் அதற்கப்புறம் கடற்கரையில் ஆரம்பிக்கும். மணலில் வட்டமாக ஏழெட்டுப் பேர். நடுவில் காகிதத்தில் சுற்றிய வாடா என்கிற ஊர்ப் பலகாரம். ஆளுக்கு ஒரு வாடா தீர்வதற்குள் சாயங்காலத்துச் சம்பவம் 1986-க்குப் போய்விடும். மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானம், மரடோனாவின் கை. ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரிந்த கதை. ஆனால் மரடோனாவை யார் கேட்டார்கள்? காக்காவுக்கு அந்தக் கதையின் நாயகன் துனிசியா ரெஃப்ரி அலி பின் நாசர்.

"அவர் என்ன செஞ்சாரு? லைன்ஸ்மேன் டோச்செவைப் பாத்தாரு. பல்கேரியாக்காரன். அவன் கொடியத் தூக்கல. தனக்குத் தெரியாததுல உதவியாளன் பேச்சைக் கேக்கணும். இவரு கேட்டாரு. இதுல இவரு மேல என்ன குத்தம்?"

குற்றம் இருக்கிறதோ இல்லையோ, லாபம் இருந்தது. அன்று ஆடிய பந்தை பின் நாசர் பத்திரமாக வீட்டிலேயே வைத்திருந்தார். 2022 நவம்பரில் ஏலம் விட்டார். 20 லட்சம் பவுண்டுக்குப் போனது, நம் பணத்தில் ஏறக்குறைய 19 கோடி. 2015-ல் மரடோனாவே அவர் வீடு தேடிப் போய்க் கையெழுத்துப் போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். வியாபாரம் பழகிய ஊர். தொகையைச் சொன்னதும் வட்டம் ஒரு நிமிஷம் மௌனமாகும். "ஒழுங்கா ஹேண்ட் பால் குடுத்திருந்தா அந்தப் பந்துக்கு என்ன விலை வந்திருக்கும்?" என்று யாரோ கேட்பார். காக்கா அடுத்த வாடாவை எடுத்தபடி 1966-க்குப் போவார். லண்டன் வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே இறங்கியது. கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று மேற்கு ஜெர்மனிக்காரன் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறான். கோல் என்று சொன்ன லைன்ஸ்மேன் பக்ராமோவ் அஜர்பைஜான்காரர். பாகு நகரத்துப் பெரிய ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்தான். வாசலில் சிலை வேறு. ஆட்டக்காரனுக்குச் சிலை வைக்கிற ஊர்கள் ஆயிரம் இருக்கும், கொடி பிடித்தவனுக்குச் சிலை வைத்த ஊரைச் சொல் பார்ப்போம் என்பார். காக்கா அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியவர் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

உள்ளபடியே காக்கா மரியாதை வைத்திருக்கிற நடுவர் ஒரே ஒருவர்: 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராகக் கொடி பிடித்த தமிழ்நாட்டுக்காரர் கே. சங்கர். இந்திய அணி எட்டிப் பார்க்காத இடத்துக்கு இந்தியக் கொடிக்காரர் போய்விட்டார் என்று சொல்லும்போது காக்காவின் குரல் லேசாகத் தழுதழுக்கும். அதற்காக அவர் பிடித்த கொடியெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. "அதைத் தனியா பேசணும்."

எல்லா வழக்கும் இவ்வளவு கலகலப்பாகப் போகாது. 2024 ஜூன் 11 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். தோஹாவில் கத்தாருக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. சுனில் சேத்ரி ஓய்வு பெற்றபின் இந்தியாவுக்கு முதல் ஆட்டம். 37-ஆம் நிமிஷத்தில் சாங்டே கோல் அடித்தார். ஜெயித்திருந்தால் மூன்றாம் சுற்று. 73-ஆம் நிமிஷத்தில் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். கத்தார் ஆட்டக்காரர் ஒருவர் அதை உள்ளே இழுத்துக் கொடுக்க, அய்மன் தட்டி வலைக்குள் விட்டார். தென்கொரிய ரெஃப்ரி கோல் என்றார். அந்த ஆட்டத்தில் வீடியோ மறுபரிசீலனை கிடையாது. இந்தியா 1-2 என்று தோற்று வெளியேறியது.

மறுநாள் காக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நீலக்கல்லில் கீறலும் புகையும் தேடிப் பழகிய கண். போன் திரையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, வெளிச்சத்துக்குக் காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம். லென்ஸை மடக்கிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"பந்து முழுசா வெளியே. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவுல புல்லு தெரியுது. பச்சைப் புல்லு."

வேறெதுவும் சொல்லவில்லை. அவர் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லி, எதிர்வாதத்துக்கு இடம் கொடுக்காமல் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

2018 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் வந்தபோது, காக்காவின் பிழைப்பில் மண் விழுந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கோல் கோடு பிரச்சினை அதற்கு முன்பே போய்விட்டது. 2010-ல் ஜெர்மனிக்கு எதிராக லேம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்ததை உலகமே பார்த்து, ரெஃப்ரி மட்டும் பார்க்காமல் போன பிறகு கருவி வைத்துவிட்டார்கள். இனி சண்டை போட என்ன இருக்கிறது?

நாங்கள் காக்காவைக் குறைத்து எடை போட்டுவிட்டோம். முன்பெல்லாம் ஒரு முடிவுக்கு ஒரு தகராறு. இப்போது ஒரு முடிவுக்கு அஞ்சு. ரெஃப்ரி திரையைப் போய்ப் பார்த்திருக்க வேண்டுமா, கூடாதா? கோடு போட்டவன் எந்த நொடியில் படத்தை நிறுத்தினான்? பந்து காலைத் தொட்ட நொடியா, காலை விட்ட நொடியா? பட்டது தோளா, கையா? கை எங்கே தொடங்குகிறது என்பதற்கு விதிப் புத்தகத்தில் எல்லை உண்டு: அக்குளின் அடிப்பகுதிக்கு நேராக. இதை வாயால் சொன்னால் யாருக்கும் விளங்காது என்று காக்கா கடற்கரையில் எழுந்து நின்று, அரைக்கைச் சட்டையை இன்னும் மேலே சுருட்டி, கையை உயர்த்தி, அக்குளில் விரல் வைத்துக் காட்டினார். குடும்பத்தோடு காற்று வாங்க வந்திருந்த ஆறுமுகநேரிக்காரர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

ஒருதடவை ஹாங்காங்கிலிருந்து மச்சான் ஒருவர் வந்திருந்தார். அங்கே 1976-லிருந்து ஏறக்குறைய வருஷா வருஷம் ஏழு பேர் ஆடுகிற ரக்பிப் போட்டி நடக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து ரக்பிக்காரராகவே ஆகிவிட்டார். கால்பந்தில் ரெஃப்ரியைச் சுற்றி வளைத்துக் கத்துகிறீர்களே, ரக்பியில் அணித்தலைவர் மட்டும்தான் பேசலாம், அதுவும் 'சார்' போட்டு, என்றார். காக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. "கேப்டன் மட்டும் பேசினா மத்த ஆளெல்லாம் எதுக்கு வாறான்?" அதோடு, ரெஃப்ரி சட்டையில் மைக் உண்டு, அவர் பேசுவது முழுக்கத் தொலைக்காட்சியில் கேட்கும் என்று மச்சான் சொன்னதும் எழுந்தே விட்டார். "எல்லாத்தையும் அவரே சொல்லிட்டா நாம யூகிக்க என்ன மிச்சம்? இது விளையாட்டா, ஜும்ஆ பிரசங்கமா?"

மச்சான் விடவில்லை. 2023 அக்டோபர் 28, பாரிஸ், உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்று ஆரம்பித்தார். நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேன் எதிராளியின் தலையில் மோதினார். மஞ்சள் அட்டை. வெளியே உட்கார்ந்திருக்கும்போதே வீடியோ அறையில் பார்த்து அதைச் சிவப்பாக்கிவிட்டார்கள். ஆண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள். பிற்பாதியில் தென்னாப்பிரிக்கத் தலைவர் கொலிசியும் தலையில் மோதினார். அதுவும் வீடியோ அறைக்குப் போனது. மஞ்சளாகவே திரும்பி வந்தது. தென்னாப்பிரிக்கா 12-11 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது.

காக்கா மெதுவாக மணலில் மறுபடி உட்கார்ந்தார். "ரெண்டும் தலைதானே?"

"தலைதான்."

"ரெஃப்ரி யாரு?"

"வெய்ன் பார்ன்ஸ். இங்கிலாந்து. தொழில் வக்கீல்."

"அங்கதான் தப்பு. வக்கீல் கையில விசிலக் குடுத்தா வாய்தாதான் குடுப்பாரு." அன்று வரை ரக்பிப் பந்தைக் கண்ணால் கண்டிராத காக்கா, இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் கேன் மோதிய கோணம் வேறு, கொலிசி மோதிய கோணம் வேறு என்று நிறுவி, அடுத்த அரைமணியில் அது எப்படித் தப்பு என்றும் நிறுவிவிட்டார். மச்சான் ஹாங்காங் போன பிறகு இரண்டு பேருக்கும் வாட்ஸப்பில் தொடர்கிறது. நியூசிலாந்துக்கு இந்தப் பக்கம் ஒரு வக்கீல் கிடைத்திருப்பது நியூசிலாந்துக்குத் தெரியாது.

ஊர்ப் பையன்கள் ஒருமுறை தெருப் போட்டிக்கு இவரையே ரெஃப்ரியாக இருக்கக் கூப்பிட்டார்கள். விசிலையும் கையில் கொடுத்தார்கள். வாங்கி, திருப்பிப் பார்த்து, உள்ளே உருளுகிற குண்டைக் குலுக்கிப் பார்த்து, துடைத்து அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

"விசில் ஊதினா ரெண்டு செகண்டுல முடிவு சொல்லணும்லா? எனக்கு ஒரு முடிவுக்கு வர ரெண்டு நாளாவது வேணும், ராசா."

போன முறை இறுதி ஆட்டத்துக்கு வந்த ரெஃப்ரி இளைஞர். வயிறு கிடையாது. பந்து போகிற இடத்துக்கெல்லாம் பத்தடி தள்ளி நின்றார். பெனால்ட்டி கொடுத்தார், கொடுக்க வேண்டியது. சிவப்பு அட்டை காட்டினார், வாங்கியவரே தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். லைன்ஸ்மேன் கொடியும் காக்காவின் துண்டும் தொண்ணூறு நிமிஷமும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. தோற்ற அணியின் பயிற்சியாளர்கூட நடுவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு கடற்கரையில் காக்கா பேசவில்லை. வாடாவைத் தொடவில்லை. உடம்புக்குச் சரியில்லையோ என்று ஒருவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். யாரோ தோஹா பேச்சை எடுத்தார்கள், பலிக்கவில்லை. மச்சான் கேன் பற்றி அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். எட்டரை மணிக்கு எல்லாரும் மணலைத் தட்டிவிட்டு எழுந்தோம். காக்காவும் எழுந்தார். நாலு எட்டு நடந்தவர் சட்டென்று நின்று, தோள் துண்டை உதறினார்.

"ஓய், டாஸ் போட்டாரே, காசு கீழே விழுந்த பெறகு யாராவது குனிஞ்சு பாத்தியளா?"

எல்லாரும் திரும்ப உட்கார்ந்தோம்.